திருவிழாப் படக்கடையும் கார்டு யந்திரமும்

சந்தையிலும் திருவிழாவிலும் படம் எடுத்துக்கொள்ளும் ஆவல் நம் மக்களுக்குப் புதிதன்று. தகரத்தில் தீட்டிய ஆகாயவிமானத்தின் சன்னலில் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது காமிரா, கணினி, அச்சு யந்திரம் மூன்றும் அடங்கிய சிறு கூண்டு ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே நிற்பவர் திரையைத் தொட்டால் காமிரா தானாகப் படம் எடுக்கும். சில விநாடிகளில் படம் அச்சாகி வெளியே விழும். மகளிர் குழுக்களும் இளைஞர் குழுக்களும் இத்தொழிலில் இறங்க விரும்பி நம் அலுவலகத்திற்கு வருகின்றனர். காமிராவைக் காட்டிலும், பணம் வாங்கும் யந்திரத்தைப் பற்றியே அவர்கள் அதிகம் கேட்கின்றனர். கடன் வாங்கி முதல் போடுகிறவர்களின் கவலை அது, நியாயமானதே. அவர்களுக்கும், சந்தையில் இடம் ஒதுக்கிக் கொடுக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் பயன்படும் பொருட்டு அவ்விஷயத்தை இங்கே விளக்குகிறோம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராட்வே என்னும் வீதியில், 1925-ஆம் ஆண்டில் அனடோல் ஜோசபோ என்பவர் இத்தகைய கூண்டைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். 25 சென்ட் கொடுத்தால் எட்டுப் படங்கள் கிடைத்தன. காசு வந்து சேர்ந்தால்தான் யந்திரம் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதே இத்தகைய கூண்டின் அடிப்படை விதி. நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்விதி மாறவில்லை. காசின் இடத்தில் இப்போது வங்கியிலிருந்து வரும் ஒரு செய்தி இருக்கிறது. அந்தச் செய்தியைக் கணினியிலுள்ள படமெடுக்கும் மென்பொருளுக்குத் தவறாமல் கொண்டு சேர்ப்பதே நாம் செய்யவேண்டிய வேலை.

யந்திரம் வாங்குமுன் முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு. பணம் யார் கணக்கில் போய்ச் சேரும்? கடைவீதியில் கார்டு மெஷின் என்று வழங்கும் இந்த யந்திரத்தில் வசூலாகும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய வங்கிக் கணக்கிற்கே செல்லும். நம் வட்டாரத்தில் ஒரு குழுவினர், விரைவில் கிடைக்கிறதே என்று ஓர் அங்கத்தினரின் கணவர் பெயரில் யந்திரம் பெற்றனர். அவர் நேர்மையானவர்தாம். ஆயினும் அவருடைய பழைய கடன் தவணைக்கு வங்கி அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டது. மூன்று நாள் திருவிழா வசூலில் ஒரு பகுதி அவ்வாறு போயிற்று. வங்கியைக் குறை கூறுவதற்கில்லை; கணக்கு அவருடையது. குழுவின் பணம் திரும்பி வர இரண்டு அறுவடைக் காலம் ஆயிற்று. அதற்குள் குழு பிளவுபடும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, குழுவின் பெயரிலுள்ள கணக்கிற்கே யந்திரம் பெறவேண்டும். இதற்காகச் சில வாரங்கள் காத்திருக்க நேர்ந்தாலும் பாதகமில்லை.

அடுத்தது செலவு. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே செலுத்தும் யூ.பி.ஐ. முறைக்கும் 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கழிவு பிடிப்பதில்லை. ஏனைய டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரியிடம் நூற்றுக்கு 40 காசுக்கு மேல் பிடிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2018-இல் வரம்பு கட்டியது. அதனை வாடிக்கையாளர் தலையில் கட்டலாகாது என்பதும் விதி. கிரெடிட் கார்டுக்குக் கழிவு இதனினும் அதிகம். ஆனால் சிறு கடையை உண்மையில் பாதிப்பது கழிவன்று, யந்திரத்தின் மாத வாடகையே. படம் ஒன்றுக்கு 60 ரூபாய் விலை, தாளுக்கும் மைச்சுருளுக்கும் 15 ரூபாய் செலவு, வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழு படம் விற்றால்தான் வாடகை கட்டுபடியாகும். திருவிழா இல்லாத மாதத்திலும் வாடகை நிற்காது. ஆண்டுக்கு இரண்டு திருவிழா மட்டும் பார்க்கும் குழுவுக்குக் கார்டு யந்திரம் வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. வாரச் சந்தை, பள்ளி ஆண்டுவிழா, பாஸ்போர்ட் அளவுப் படம் என்று ஆண்டு முழுவதும் தொழில் உள்ளவர்களுக்கே அது தகும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை எளிதாக எண்ணவேண்டாம். 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில், ஆறுக்கு நான்கு அங்குலத் தாள் ஒன்றில் எட்டுப் படங்கள் அடங்கும்; நகரத்துக்குப் பஸ் ஏறும் செலவு மிச்சமாகிறது என்று மக்கள் விரும்பி வருவர்.

அட்டையில் அச்சிட்டு ஒட்டிய க்யூ.ஆர். படம் போதாதா என்று பலர் வினவுகின்றனர். போதும், ஆனால் இரண்டு இடையூறுகள் உண்டு. அதன்மேல் வேறொருவருடைய க்யூ.ஆர். தாளை ஒட்டிவிட்டுப் போகும் போக்கிரிகள் இருக்கின்றனர். பணம் செலுத்தியதுபோன்ற பொய்ப் படத்தைக் கைப்பேசியில் காட்டி நடப்பவர்களும் உளர். நெரிசல் மிகுந்த இரவில் கடையில் நிற்கும் பெண்ணால் ஒவ்வொரு கைப்பேசியையும் ஆராய்ந்துகொண்டிருக்க இயலுமா? தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டி இதற்கு ஓரளவு துணை செய்யும். இக்காலக் கார்டு யந்திரங்கள் பல, ஒவ்வொரு படத்திற்கும் உரிய தொகையுடன் புதிய க்யூ.ஆர். படத்தைத் தம் திரையிலேயே காட்டுகின்றன. பணம் வந்த செய்தியும் அதே யந்திரத்திற்கு வருகிறது. அங்கே இவ்விரு மோசடிகளுக்கும் இடமில்லை.

இனி, யந்திரத்தையும் மென்பொருளையும் இணைப்பதைப் பார்ப்போம். இருவகையில் செய்யலாம். எளிய முறையில் இரண்டும் தனித்தனியே இருக்கும். கடையில் நிற்பவர் தொகையை யந்திரத்தில் பதிவார். சீட்டு வந்ததும் கணினியில் தொடக்கப் பொத்தானை அழுத்துவார். தொடக்கத்தில் இதுவே போதும். மற்றொரு முறையில், மென்பொருளே ஒரு பில் எண்ணையும் தொகையையும் யந்திரத்திற்கு அனுப்பும். பணம் வந்தது அல்லது வரவில்லை என்ற மறுமொழியை அதே எண்ணுடன் யந்திரம் திருப்பி அனுப்பும். வந்தது என்றால்தான் காமிரா இயங்கும். எல்லா மென்பொருளும் எல்லா யந்திரத்துடனும் பேசமாட்டா. ஆதலால், இவ்விரண்டையும் சேர்த்து நம் கண்முன் இயக்கிக் காட்டிய பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும்.

சில வேளைகளில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும். மறுமொழி மட்டும் வழியில் தங்கிவிடும். இவ்வேளையில் மறுபடியும் பணம் கேட்பது பெருந்தவறு. நாள்கூலியில் 60 ரூபாய் எடுத்துக் குழந்தைக்குப் படம் எடுக்க வந்தவரிடம் இருமுறை பணம் போனால், ஊர் முழுவதும் அச்செய்தி பரவும். அதே பில் எண்ணைக் கொண்டு யந்திரத்தில் நிலையை விசாரிக்க வேண்டும். பணம் நமக்கு வரவில்லை என்று தெரிந்தால், கழிந்த தொகை ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்பவேண்டும் என்றும், தவறினால் அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும் 2019-இல் ரிசர்வ் வங்கி விதித்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். வங்கியில் காட்டுவதற்குப் பில் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. பணம் வந்தும் தாள் சிக்கிப் படம் கெட்டுவிட்டால் மறுபடி அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். அதுவும் இயலாதபோது, கார்டில் வாங்கிய தொகையை அன்றைய கணக்கு முடிப்பதற்கு முன்னரே ரத்து செய்ய வேண்டும். கணக்கு முடிந்த பின்னர்ச் செய்தால், பணம் அவருக்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும்.

கடை திறக்கும் முதல்நாள், ஒரு ரூபாய்த் தொகையில் ஒத்திகை பார்ப்பது அவசியம். ஒருமுறை சரியாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறை ரகசிய எண்ணைத் தவறாக இட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை பாதியில் ரத்து செய்ய வேண்டும். கடைசியாக, பணம் செலுத்தும் நடுவே இணையத்தைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். இந்நான்காவது ஒத்திகையை விற்பனையாளர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. நாம் வற்புறுத்திக் கேட்கவேண்டும். தேர்நாளன்று கூட்டம் பெருகப் பெருகக் கைப்பேசி அலை மெலிந்துவிடும் என்பது அனைவரும் அறிந்ததே. யந்திரத்திற்கு ஒரு நிறுவனத்தின் சிம், கணினிக்கு வேறு நிறுவனத்தின் சிம் என்று வைத்துக்கொண்டால் ஒன்று தவறினாலும் மற்றொன்று உதவும். அச்சு யந்திரத்திற்கும் கணினிக்கும் யூ.பி.எஸ். தேவை, மின்சாரம் பாதி அச்சில் நின்றால் தாளும் மைச்சுருளும் வீணாகும்.

ரகசிய எண்ணை வாடிக்கையாளரே இடவேண்டும். யந்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதை. எழுத்தறியாத முதியவர் எண்ணை வாய்விட்டுச் சொன்னாலும் நாம் அதனை இடலாகாது. உடன் வந்த உறவினரை அழைக்கலாம், அல்லது ரொக்கமாக வாங்கலாம். படக்கடைக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு: இங்கே காமிரா எப்போதும் விழித்திருக்கிறது. யந்திரத்தைக் காமிராவின் பார்வைக்குப் புறம்பான இடத்தில் வைக்கவேண்டும். கார்டு எண்ணைக் கேட்கும் கட்டம் கணினித் திரையில் எங்கும் இருத்தலாகாது. அது கார்டு யந்திரத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும்.

படங்களின் பாதுகாப்பும் பணத்தின் பாதுகாப்பைப் போன்றதே. அன்றிரவு கூண்டில் நின்ற பெண்களின் படங்களும் குழந்தைகளின் படங்களும் கணினியில் தங்கியிருக்கும். அவர்கள் சம்மதமின்றி அவற்றை விளம்பரப் பலகையில் ஒட்டுவதோ, கைப்பேசிக் குழுக்களில் பரப்புவதோ கூடாது. எத்தனை நாளில் அழிக்கப்படும் என்று கடை முகப்பில் எழுதி வைத்து, அவ்வாறே அழித்துவிட வேண்டும். இடம் ஒதுக்கும் பஞ்சாயத்தார் இதனை ஒரு நிபந்தனையாகவே விதிக்கலாம்.

இரவு கடையை மூடுமுன் மூன்று எண்களை ஒப்புநோக்க வேண்டும்: யந்திரம் காட்டும் மொத்தமும் ரொக்கமும் சேர்ந்த தொகை, மென்பொருள் காட்டும் படங்களின் எண்ணிக்கை, அச்சு யந்திரத்தில் குறைந்த தாள். மூன்றும் ஒத்துவராவிடில் அன்றே காரணம் காணவேண்டும். மறுநாள் எவருக்கும் நினைவிராது. ஞாயிற்றுக்கிழமை வசூல் வங்கியில் சேர மறு வேலைநாள் ஆகக்கூடும். எனவே அடுத்த நாள் தாள் வாங்கும் அளவுக்கு ரொக்கம் கையில் இருப்பது நலம். யந்திரம் தரும் சீட்டு வெப்பத்தில் அச்சாவது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அன்றைய மொத்தத்தையும், தகராறான பில் எண்களையும் குழுவின் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி, இருவர் கையொப்பமிட்டு வைக்கவும்.