ஷார்ஜாவில் மைக் வரிசை கட்டும் தம்பிக்கு



கம்ப்ரஸர் ஷெட்டில் சத்தம் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, 16 சின்ன மைக்குகளை ஒரு சட்டத்தில் பொருத்தப்போவதாக எழுதியிருந்தாய். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் தகரக் கொட்டகைகளில் சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பும். காதை நம்பி அங்கே எதுவும் சொல்ல முடியாது என்பதால் இது வேண்டிய வேலைதான். எந்த மைக் நல்லது என்று கேட்கிறாய். எந்தச் சத்தத்துக்கு?

முதல் உலகப் போரில், எதிரியின் பீரங்கி இருக்குமிடத்தை ஒலியை வைத்துக் கணிக்கும் பொறுப்பு லாரன்ஸ் பிராக்கிடம் வந்தது. 25 வயதிலேயே நோபல் பரிசு வாங்கியவர். கையிலிருந்த கார்பன் மைக்குகளோ துப்பாக்கி வெடிக்கெல்லாம் துள்ளின. பீரங்கியின் அடித்தொண்டை முழக்கத்துக்கு அசையவே இல்லை. அவருடன் இருந்த டக்கர், பீரங்கி முழங்கும்போதெல்லாம் படுக்கையருகே சுவர் ஓட்டை வழியாகக் குளிர்காற்று முகத்தில் அடிப்பதைக் கவனித்தார். சூடேற்றிய மெல்லிய கம்பியை அப்படியொரு ஓட்டையில் வைத்தால் காற்று பட்டுக் குளிரும், மின்தடை மாறும். 1916-இல் அந்த மைக் வேலைக்கு வந்தது. பாட்டுக்கு அது உதவாது, பீரங்கிக்கு உதவியது.

உன் விஷயத்துக்கு வருவோம். 4000 ஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டுமானால், சீரான வரிசையில் இரண்டு மைக்குக்கு நடுவே அரை அலைநீளத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அது சுமார் 4.3 செ.மீ. தாண்டினால் இல்லாத இடத்தில் பொய்யான சத்தம் தெரியும். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளமோ மூன்றரை மீட்டர். அரை மீட்டர் சட்டத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது, எவ்வளவு விலை உயர்ந்த மைக் போட்டாலும்.

விளம்பரத்தில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 61, 65 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. 61 என்றால் மைக்கின் சொந்த இரைச்சல் 33 டெசிபல். உன் ஷெட்டில் அந்த அமைதி நள்ளிரவிலும் கிடைக்காது. அதைவிட, எவ்வளவு உரத்த சத்தம் வரை தாங்கும் என்று பார். 120 டெசிபல் தாங்கும் மைக்கும், அழுத்தக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வுக்குப் பக்கத்தில் திணறக்கூடும்.

உண்மையில் உனக்கு வேண்டியது, ஒன்றுபோல் இருக்கும் 16 மைக்குகள். பேனசோனிக்கின் டபிள்யூ.எம்-61ஏ எலெக்ட்ரெட் கேப்ஸ்யூலை ஒரு காலத்தில் எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். தயாரிப்பு நின்று பல வருஷமாகிறது. இன்று அந்தப் பெயரில் விற்பதில் போலி ஏராளம். அசலிலேயே ஒன்றுக்கொன்று சில டெசிபல் வித்தியாசம் இருக்கும். சிலிக்கான் சிப்பாக வரும் மெம்ஸ் மைக்கில் ஐ.சி.எஸ்-43434 மாதிரியானவை ±1 டெசிபலுக்குள் நிற்கும், ஐ.என்.எம்.பி-441 ±3 வரை போகும். நான் மெம்ஸ்தான் வாங்குவேன், அதுவும் ஒரே பேட்ச்சில், நான்கைந்து கூடுதலாக. டெசிபல் வித்தியாசத்தைக் கணக்கில் சரிசெய்துவிடலாம். தாழ்ந்த அலைவரிசையில் வரும் ஃபேஸ் வித்தியாசம்தான் திசையையே மாற்றிக் காட்டும்.

தனித்தனி யு.எஸ்.பி. மைக் வேண்டவே வேண்டாம். இரண்டின் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே ஒரு நிமிஷத்தில் 1.2 மில்லி செகண்ட் ஆகும்; ஒலி அதற்குள் 40 செ.மீ. போய்விடும். எல்லா மைக்குக்கும் ஒரே கிளாக் கொடு. டிஜிட்டல் மைக்கின் கிளாக் 3 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடுவதால் நீள வயரில் அது கெட்டுப்போகும்; போர்டிலிருந்து மைக் வரை குட்டையாக வை.

மெம்ஸ் மைக்கில் ஒலி நுழையும் துளை ஊசிமுனை அளவுதான். சாலிடர் செய்தபின் போர்டைக் கழுவாதே. உங்கள் ஷெட்டில் எதையெடுத்தாலும் ஏர் கன்னால் ஊதித் துடைப்பார்கள். இதை ஊதினால் உள்ளே இருக்கும் சவ்வு போயிற்று. மணல் புகாமல் மெல்லிய வலைத்துணி ஒட்டிக்கொள். ஆகஸ்டில் ஏசி ரூமிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகிறதே, அதேதான் துளையிலும் நடக்கும். பையில் மூடியபடி அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திற.

25 டிகிரியில் ஒலி விநாடிக்கு 346 மீட்டர் போகும். 45 டிகிரியில் சுமார் 358. ரூமில் சரிபார்த்த எண்ணை வெளியில் அப்படியே வைத்துக்கொண்டால் ஓரத்துச் சத்தங்கள் சில டிகிரி தள்ளித் தெரியும். சட்டத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் மாட்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை என்பதால் வெளி இரைச்சல் கொஞ்சம் குறையும். ஷெட்டுக்குள் அளக்க அந்த நேரம் தோது.

மைக்குகள் வந்ததும் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுது. ஒரே இடத்தில், ஒரே ஸ்பீக்கர் முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பதிவுசெய். கூட்டத்தோடு ஒத்துப்போகாததை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தின் பதிவுகளை எனக்கு அனுப்பு. சட்டத்தில் துளை போடுவதை அதுவரை நிறுத்தி வை.

அன்புடன்,
அண்ணன்