குடுவையில் ஒளிர்ந்த முகம்

மன்னரையும் மகான்களையும் போர்க்களங்களையும் தீட்டிய ஓவியரே பெரும்புகழ் எய்துதல் உலக வழக்கு. உணவு பரப்பிய மேசையினை வரைந்தே நிலைத்த புகழ் பெற்றார் ஒரு பெண்மணி. அவரே பிளாந்தர் நாட்டுக் கிளாரா பீட்டர்ஸ் ஆவார். நம் விபுலானந்த அடிகளார் செகசிற்பியரின் நாடகங்களை 'மதங்க சூளாமணி' வாயிலாகத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். பிறநாட்டுக் கலையை நம் கண்கொண்டு நோக்கும் அந்நெறியிலே நாமும் சிறிது தூரம் செல்வாம்.

1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்தக் கடற்றலைவர் யோரிசு வான் இசுப்பில்பேர்கன் மட்டக்களப்பை வந்தடைந்தார் என்பதைச் சரித்திர மாணவர் அறிவர். அவர் பிறந்த ஊர் அந்துவெர்ப். கிளாராவின் ஓவியப் பலகைகள் சிலவற்றிலே காணப்படும் முத்திரையும் அவ்வூருக்கே உரியது. அவர் ஆண்டு குறித்த ஓவியங்கள் 1607 முதல் 1621 வரையுள்ளவை. ஏறக்குறைய நாற்பது ஓவியங்கள் அவருடையன என்பர் அறிஞர். அவர்தம் பிறப்பையும் இறப்பையும் உறுதியாகக் காட்டும் ஏடு எதுவும் கிடைத்திலது. ஓவியங்களே அவருக்குச் சரித்திரமாயின.

மக்கள் உருவத்தைப் பிழையற வரைதற்கு ஆடையற்ற உடலை நேரே பார்த்துப் பயிலுதல் அக்காலத்து ஓவியர் முறை. பெண்களுக்கு அப்பயிற்சி மறுக்கப்பட்டது. ஆகவே, வீட்டிலே கைக்கெட்டும் பொருள்களைத் தீட்டும் துறை அவர்களுக்கு ஏற்புடைத்தாயிற்று. நிலைப்பொருள் ஓவியம் என நாம் கூறும் இத்துறை அப்பொழுது முளைவிடும் பருவத்திலிருந்தது. அதனை வளர்த்த முன்னோடிகளுள் கிளாராவும் ஒருவர்.

மத்ரித்து நகரத்துப் பிராதோ நூதனசாலையிலே அவருடைய ஓவியங்கள் நான்கு உள. 1611இல் வரைந்த ஒன்றிலே மீன்களும் நண்டும் இறாலும் காட்சி தருகின்றன. மீனையே முதன்மைப் பொருளாகக் கொண்ட நிலைப்பொருள் ஓவியங்களுள் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. வாவிக்கரையிலே வாழும் நமக்கு இவை நாளும் காணும் பொருள்களே. ஆயினும், ஈரச் செதிலில் ஒளி எவ்வாறு தங்குகின்றது, நண்டின் ஓடு எவ்விடத்திற் சொரசொரக்கின்றது என்று நின்று நோக்கியவர் நம்முள் எத்தனை பேர்?

அவருடைய ஓவியங்களுள் வேறொரு நுட்பமும் உண்டு. பளபளக்கும் கிண்ணத்தின் குமிழ்களிலும் குடுவையின் மூடியிலும் தம் முகத்தை மிகச் சிறிய நிழலுருவாகத் தீட்டினார். சிலவற்றிலே தூரிகையும் வண்ணத்தட்டும் ஏந்திய கோலத்திற் காணப்படுகின்றார். மேசையிற் கிடக்கும் வெள்ளிக் கத்தியின் விளிம்பிலே தம் பெயரைப் பொறித்தார். அத்தகைய கத்தி திருமணப் பரிசாக வழங்கப்படுவது. பெண்ணுக்கு உலகம் விட்டுவைத்த இடம் சிறிது. அச்சிறிய இடத்திலேயே 'இதனைச் செய்தவள் யான்' என்று அவர் எழுதி வைத்தார் எனலாம்.

1819இல் திறக்கப்பெற்ற பிராதோ நூதனசாலை பெண் ஓவியர் ஒருவருக்கெனத் தனிக் கண்காட்சி நடாத்தியது 2016இலேயாம். அப்பெருமையை முதன்முதல் பெற்றவர் கிளாராவே. பெயர் பொறித்தவருக்கே இத்துணைக் காலம் சென்றதாயின், பொறியாதவர் நிலை யாதாகும்?

நம் நாட்டுப் பெண்டிர் இழைத்த வண்ணப் பாய்களும் பெட்டிகளும் தறியில் நெய்த புடவைகளும் கலைப்பொருள்களே. அவற்றிலே பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. கைகள் ஓய்ந்ததும் பெயர்களும் மறைந்து போகின்றன. மாணவர்காள்! உங்கள் வீட்டிலுள்ள பழைய பாயை விரிக்கும்போது அதனை இழைத்தவர் யார் என்று பாட்டியாரிடம் வினவுங்கள். அவர் கூறும் பெயரையும் ஊரையும் ஓர் ஏட்டிலே குறித்து வையுங்கள். ஒரு கலைஞரின் சரித்திரம் அவ்வொரு வரியிலிருந்தே தொடங்கக்கூடும்.