நெட்டைக் கோபுரத்துக்கு ஒருமுறை போய் வா

அன்புள்ள அம்மிணி,

நன்னூல் நூற்பாக்களை உருப்போட்டு அலுத்துப்போனதாக எழுதியிருந்தாய். அந்த நூலைச் செய்த பவணந்தி ஒரு சமண முனிவர். பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று நம் கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வீடு வாசலைத் துறந்தவருக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அதற்காகவே உன்னை விஜயமங்கலம் போகச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு போகும் வழியில், செங்கப்பள்ளியைத் தாண்டினால் அந்த ஊர். எட்டாம் தீர்த்தங்கரரான சந்திரப்பிரபருக்குச் சமணர்கள் எடுத்த கோயில் அங்கே இருக்கிறது. ஊரார் நெட்டைக் கோபுரம் என்பார்கள். தீர்த்தங்கரர் சிற்பத்தை அடையாளம் காண்பது எளிது. கையில் ஆயுதம் இருக்காது, மேனியில் நகை இருக்காது. அமர்ந்த கோலமானால், சம்மணமிட்ட மடியில் ஒரு கைமேல் ஒரு கை மலர்ந்திருக்கும், தலைக்குமேல் முக்குடை. பீடத்தில் பிறை செதுக்கியிருந்தால் அவர் சந்திரப்பிரபர்.

அங்கே தூணொன்றில் ஒரு பெண்ணின் நினைவைப் பொறித்திருக்கிறார்கள். பெயர் புல்லப்பை. சிரவணபெளகொளாவில் கோமதீசுவரர் சிலையை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பற்றும் சினமும் அடங்க உயிர்விடும் சல்லேகனை நோன்பை இங்கேதான் முடித்தாள். கங்க நாட்டு அமைச்சரின் தங்கை கடைசி மூச்சை விட்ட இடம் இது என்பதிலிருந்தே அன்று இந்த ஊர் பெற்றிருந்த மதிப்பை நீ ஊகித்துக்கொள்ளலாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சமண முனிவர்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்கமாட்டார்கள். மழைக்காலத்தில் மட்டும், புதிதாக முளைக்கும் புல்லும் பூச்சியும் காலில் மிதிபடக் கூடாதென்று நான்கு மாதம் ஓர் ஊரில் இருப்பார்கள். அந்த நாட்கள் ஓதவும் ஓதுவிக்கவும் வாய்ப்பானவை. இல்லறத்தார் செய்ய வேண்டிய தானங்கள் என்று அவர்கள் வகுத்தவை நான்கு: சோறு, மருந்து, அடைக்கலம், நூல். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் படிப்பவனுக்கு ஏடு எழுதிக் கொடுப்பதும் அவர்களுக்கு ஒரே வரிசை. நம் நாட்டில் மட்டுமல்ல, ஆர்மேனியாவின் மலைமேலிருக்கும் தாத்தேவ் மடாலயத்திலும் 14ஆம் நூற்றாண்டில் துறவிகள் இலக்கணம் கற்பித்தார்கள், ஏடுகளைப் படியெடுத்தார்கள்.

பெருங்கதை பாடிய கொங்குவேளிரை விஜயமங்கலத்தோடு சேர்த்தே பேசுவார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரின் நிரம்பையும் இந்தப் பக்கந்தான். அவர் உரை இல்லாவிட்டால் மாதவி ஆடிய ஆட்டங்களில் பாதி நமக்கு விளங்காது. உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தை அந்த உரையோடு அச்சிட்டார், 1924இல் பெருங்கதையை. பெருங்கதையின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

காலையிலேயே போய்விடு. சாய்வெயில் பட்டால்தான் கல்லெழுத்தில் நிழல் விழுந்து வரி தெளியும். எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்காதே, எண்ணெய் தடவாதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பு. தீபாவளிக்கு வரும்போது சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
மாமா