மீன்தொட்டிக்குக் கரியமில வாயு: ஈஸ்ட் கலனின் குறைகளும் தீர்வுகளும்

ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜன் வெளிப்படுவதை மெய்ப்பிக்கப் பள்ளியில் செய்யப்பெறும் ஆய்வினை அறியாத மாணவர் இலர். முகவையில் நீர் நிரப்பி, அதில் ஹைட்ரில்லாச் செடியை இட்டு, அதன்மீது புனலைக் கவிழ்த்து, புனற்காம்பின்மேல் நீர் நிறைந்த சோதனைக்குழாயைப் பொருத்தி வெயிலில் வைப்பர். அந்நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைச் சேர்த்தால் குமிழிகள் பெருகுவதைக் காணலாம். ஒளி மாறவில்லை, செடியும் மாறவில்லை, கரிமம் மட்டுமே கூடியது. நீர்த்தாவர வளர்ச்சிக்குத் தடையாக நிற்பது பல வேளைகளில் கரிமப் பற்றாக்குறையே என்பதை இச்சிற்றாய்வு உணர்த்துகின்றது.

காற்றுடன் சமநிலையிலுள்ள நீரில், 25 பாகை செல்சியசில், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமினும் குறைவான கரியமில வாயுவே கரைந்திருக்கும். மேலும், அவ்வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவேதான் செடிகளை அழகுற வளர்க்க விரும்புவோர் தொட்டி நீரில் லிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை அவ்வாயு இருக்குமாறு பேணுகின்றனர். உருளையும் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கப் பொருள் மிகுதியாகத் தேவைப்படும். எளியோர்க்குக் கைகொடுப்பது சர்க்கரையும் ஈஸ்டும் கொண்ட வீட்டுக் கலனேயாகும்.

அறிவியல் பின்னணி

1767இல் இங்கிலாந்தின் லீட்சு நகரில் குடியேறிய சோசப் பிரீசுட்லி, அண்டையிலிருந்த மதுவடிசாலையின் நொதிக்கும் தொட்டிகளின்மேல் தங்கிய வாயுவை ஆராய்ந்தார். அதனை நீரில் கரைக்கும் முறையை 1772இல் நூலாக வெளியிட்டார். எரியும் மெழுகுதிரியால் கெட்ட காற்றைப் புதினாச் செடி மீண்டும் சீராக்குவதை 1771இல் கண்டவரும் அவரே. அதற்கு ஒளி இன்றியமையாதது என்பதை 1779இல் இங்கென்கௌசு நிறுவினார். நொதித்தல் உயிருள்ள ஈஸ்டின் செயல் என்பதைப் பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கினார். உயிரணுவைப் பிழிந்தெடுத்த சாறும் அதனைச் செய்யவல்லது என்று 1897இல் காட்டிய புக்னர், 1907இல் நோபல் பரிசு பெற்றார். மதுவடிசாலை வாயுவையும் புதினாச் செடியையும் தனித்தனியே ஆராய்ந்தவர் பிரீசுட்லி. அவ்விரண்டையும் ஒரு சிறு குழாயால் இணைப்பதே நம் வீட்டுக் கலன் எனலாம்.

கலனின் அமைப்பு

இரண்டு லிட்டர் குளிர்பானப் பிளாஸ்டிக் குப்பியில் ஒரு லிட்டர் நீர், 200 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட் ஆகியவற்றை இட்டு, மூடியில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தித் தொட்டிக்குள் விடுவதே பொதுவான அமைப்பாகும். 200 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 103 கிராம் கரியமில வாயுவும் 107 கிராம் எத்தில் ஆல்கஹாலும் உண்டாகும். அவ்வாயுவின் கன அளவு ஐம்பது லிட்டருக்கும் மேற்பட்டது. எனினும், பெருகும் ஆல்கஹாலே ஈஸ்டுக்கு நஞ்சாவதால் சர்க்கரை முழுவதும் தீருமுன்னரே நொதித்தல் தளர்வதுண்டு. ஒரு கலன் இரண்டு வாரம் போல உழைக்கும்.

குறை காணும் முறை

குமிழி வாராதபோது பலரும் ஈஸ்டை மேலும் மேலும் கொட்டுவர். அது முறையன்று. முதற்கண் குப்பியைக் கையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். குப்பி கல்லெனக் கெட்டியாயிருந்தும் குமிழி வாராவிடின் குழாயில் அடைப்பு உளது. குப்பி தளர்ந்திருந்து, உள்ளே நுரை மட்டும் எழும்பினால் எங்கோ கசிவு உளது. நுரையும் இல்லை, இறுக்கமும் இல்லை எனின் ஈஸ்ட் செயலற்றது. ஒரே சோதனை மூன்று காரணங்களையும் பிரித்துக் காட்டுகின்றது.

1. ஈஸ்ட் செயலற்றிருத்தல்: பழைய ஈஸ்டும், கை பொறுக்காத சூடுள்ள நீரும் இதற்குக் காரணங்களாம். சிறிது வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் ஈஸ்டைத் தூவிக் கால்மணி நேரம் காத்திருந்தால், உயிருள்ளதாயின் நுரைக்கும்.

2. கசிவு: இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி தோன்றும். குப்பி மூடியின் பிளாஸ்டிக்கில் சிலிக்கான் பசை நன்கு ஒட்டாது. ஆதலின், குழாயினும் சற்றுச் சிறிய துளையிட்டு, குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி இறுக இழுத்துப் பொருத்துதல் நன்று.

3. விரைவில் ஓய்தல்: முதல் மூன்று நாள் பொங்கிப் பின் அடங்குவதற்கு மிகுதியான ஈஸ்டும் மிகுந்த வெப்பமும் காரணங்களாம். நம் நாட்டுக் கோடையில் இது இயல்பு. ஈஸ்டைக் குறைத்து, கலனை நிழலில் வைத்தல் வேண்டும். இரண்டு கலன்களை வைத்து வாரத்திற்கு ஒன்றாக மாற்றி வந்தால் வாயு ஏறத்தாழச் சீராகக் கிடைக்கும்.

4. தொட்டி நீர் பால்போல் கலங்குதல்: குப்பியைக் கழுத்துவரை நிரப்பினால் நுரை குழாய்வழியே தொட்டியை அடையும். சர்க்கரைக் கரைசலை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். இடையில் நீருள்ள சிறு குப்பியொன்றை வைத்தால் நுரை அதிலேயே தங்கும். குமிழிகளை எண்ணவும் அது பயன்படும்.

5. நீர் பின்வாங்குதல்: கலன் குளிர்ந்து உள்ளழுத்தம் குறைந்தாலும், மூடியைத் திறந்தாலும் தொட்டி நீர் குழாய்வழியே குப்பிக்கு இறங்கக்கூடும். ஒருவழி வால்வு இதனைத் தடுக்கும்.

6. குமிழி வந்தும் செடி வளராமை: பெரிய குமிழிகள் கரையாமல் மேலேறி மறைகின்றன. நுண்துளைக் கல்லோ, குமிழியைத் தேக்கும் கவிழ்த்த கிண்ணமோ தேவை. பகலில் காற்றுக்கல்லை இயக்கினாலும் கரைந்த வாயு வெளியேறிவிடும். ஒளியும் பிற சத்துகளும் குறைவாயின் வாயு மட்டும் பயன் தாராது. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவை நீரிலுள்ள பைகார்பனேட்டையும் பயன்படுத்தவல்லவை. அவற்றிற்கு இக்கலனே தேவைப்படாமலும் போகலாம்.

அளந்தறிதல்

நீரின் கார்பனேட் கடினத்தன்மையை ஜெர்மானியப் பாகையில் கண்டு, அதனை 3ஆல் பெருக்கி, அவ்விடையைப் பத்தின் அடுக்கால் மீண்டும் பெருக்குக. ஏழிலிருந்து அமிலகார மதிப்பைக் கழித்து வருவதே அவ்வடுக்கு. கடினத்தன்மை 4, அமிலகார மதிப்பு 6.8 எனின் கரியமில வாயு லிட்டருக்கு ஏறத்தாழ 19 மில்லிகிராம், மதிப்பு 6.6 ஆயின் ஏறத்தாழ 30. நீரில் வேறு அமிலங்கள் கலந்திருப்பின் இக்கணக்கு பொருந்தாது.

உயிர்க்காப்பு

ஈண்டு மறவாது கருதவேண்டியது மீன்களின் உயிராகும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்கின்றன, ஈஸ்டோ ஓய்வறியாது. விடியலில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து தவித்தால் வாயு மிகுந்ததென அறிக. உடனே குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, காற்றுக்கல்லை இயக்கி, நீரில் ஒரு பகுதியை மாற்றுதல் வேண்டும். இரவுதோறும் காற்றுக்கல்லை இயக்குவது வருமுன் காக்கும் வழி. வாயுவை நிறுத்தும் எண்ணத்துடன் குழாயை அடைத்தல் ஒருபோதும் கூடாது. அழுத்தம் ஏறிக் குப்பி வெடிக்கும். கண்ணாடிக் குப்பியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது என்பதும் அதனாலேயே.

ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைத்து, அதன்பின் அடுத்ததை நாடுவதே ஆய்வு நெறி. ஈஸ்டையும் சர்க்கரையையும் இடத்தையும் ஒருசேர மாற்றுபவன் கலனைச் சீராக்கினாலும் காரணத்தை அறியமாட்டான். விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத மாணவனுக்கும் ஒரு பழைய குப்பியும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையும் இந்நெறியைக் கற்பிக்கும். கவனம் தவறினால் அதன் விலையைத் தருவன வாயற்ற மீன்களே என்னும் பொறுப்புணர்வையும் அவை உடன் கற்பிக்கும்.