கல்லைப் பழக்குதல்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று உள்ளது. அங்குள்ள 'சாகரிகா' என்னும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தைக் காணச் செல்வோரின் கண்கள் மீன்களின் நிறத்திலேயே நிலைத்துவிடுவது இயல்பு. கடல்நீர்த் தொட்டியில் கிடக்கும் கல்லை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் வீட்டில் இத்தகைய தொட்டி அமைக்க விரும்புவோர் மீனுக்கு முன்பே கல்லைப் பற்றித்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

மீனின் கழிவிலிருந்தும் அது உண்ணாது விட்ட இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. கல்லின் உட்துளைகளில், உயிர்வளி குறைந்த இடத்தில் வாழ்பவை நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. நம் உடலுக்குச் சிறுநீரகம் எப்படியோ, தொட்டிக்குக் கல் அப்படி.

இக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தெடுக்கலாமா? கூடாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. அரணாக நின்ற பாறை அழிந்தமையால் கடலரிப்பு மிகுந்தது. அங்கிருந்த 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கற்பவளங்கள் சேர்க்கப்பட்டன. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுத்து வருதல் தகாது. எனவே சுரங்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லோ, சிமெண்டில் வார்த்த கல்லோதான் ஏற்றது. முன்பு தொட்டியில் இருந்து, இப்போது கொல்லைப்புறத்தில் உலர்ந்து கிடக்கும் அத்தகைய பழைய கல்லையும் மீண்டும் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவதினும் அது சிக்கனமானது. ஆனால் உழைப்பு மிகுதி.

எக்கல்லும் ஆகுமா எனின், ஆகாது. கேரளத்தில் வீடு கட்டப் பயன்படும் வெட்டுக்கல்லில் இரும்பு மிகுதி. அதனைத் தவிர்த்தல் நலம். கல்லின் மீது சில துளி வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குவது சுண்ணாம்புக்கல், கருங்கல் வாளாவிருக்கும்.

பழைய கல்லின் துளைகளில் மடிந்த புழு, கடற்பஞ்சு, பாசி ஆகியவற்றின் எச்சங்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். அவற்றை அப்படியே நீரிலிட்டால் அழுகி அமோனியாவைப் பெருக்கும். முதலில் கடினமான தூரிகையால் தேய்த்து, வேகமாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பின்னர்ப் பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு வெளுப்புக் கரைசல் கலந்து ஒரு நாள் ஊறவைப்பர். அதன்பின் பலமுறை அலசி, குளோரின் மணம் அறவே நீங்கும்வரை வெயிலில் உலர்த்துவர். இடவப்பாதி மழையில் இதனைத் தொடங்குவோர் வெயிலுக்காகக் காத்திருக்க நேரும்!

இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. வெளுப்புக் கரைசலுடன் வினிகரோ வேறெந்த அமிலமோ கலந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் வெளிப்படும். ஆதலின் இப்பணியைப் பெரியவர்கள் திறந்தவெளியில் கையுறை அணிந்து செய்ய வேண்டும். மேலும், கல்லைக் கொதிக்கவைத்துத் தூய்மை செய்ய எவரும் முயலலாகாது. சிலவகைக் கடலுயிர்களில் உள்ள பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு, அவை உலர்ந்து ஒட்டிய கல்லிலும் எஞ்சியிருக்கும். அது நீராவியுடன் கலந்து, சுவாசித்தோரை நோயுறச் செய்ததுண்டு.

இனித்தான் பொறுமைக்கு வேலை. புதிய தோசைக்கல்லைப் பழக்கிய பின்னரே தோசை வார்க்கிறோம் அல்லவா? இக்கல்லையும் அவ்வாறே பழக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் கல்லை மூழ்கவைத்து, நீரைச் சுழலச் செய்யும் மோட்டாரைப் பொருத்தி, கலத்தை இருளில் வைக்க வேண்டும். கல்லில் ஊறியிருக்கும் பாஸ்பேட் சிறிது சிறிதாக நீரில் கசியும். வெளிச்சம் பட்டால் அதனை உண்டு பாசி செழிக்கும். ஆகவேதான் இருள். இடையிடையே நீரை மாற்றினால் பாஸ்பேட்டும் குறையும். நுண்ணுயிரிகள் பெருக உணவு வேண்டுமன்றோ? அதற்கு ஓர் இறால் துண்டே போதும்.

முதலில் அமோனியா உயரும், பின் அது தணிய, நைட்ரைட் உயரும், அதுவும் தணியும். இதற்குச் சில வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள்வரை ஆகலாம். சோதனைக் கரைசலில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் எனத் தொடர்ந்து காட்டிய பின்னரே முதல் மீனை விட வேண்டும். அதுவும் ஒரே ஒரு மீனை. ஒன்றின் கழிவுக்குப் பழகிய நுண்ணுயிரிகள் ஒரே நாளில் பத்து மீன்களின் கழிவைத் தாங்கா.

பயிற்சி
1. பொருள் எழுதுக: எச்சம், அரண், வாளாவிருத்தல்.
2. பிரித்து எழுதுக: கடலரிப்பு, உட்துளை, வெட்டியெடுத்தல்.
3. பழக்கும் கலத்தை இருளில் வைப்பது ஏன்?
4. உங்கள் வீட்டில் மண்சட்டியையோ தோசைக்கல்லையோ பழக்கும் முறையைக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.