மல்லாக்கத் தூங்கட்டும் பிள்ளை

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை பிறந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதற்கு முன்னால் அக்கா சொல்வதையும் காதில் போட்டுக்கொள்.

முதலில் உன் தூக்கம். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படு. மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை இதயத்துக்குத் திரும்பும் ரத்தக்குழாயை அழுத்தும். பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறையும். வயிற்றில் அசைவு குறைந்ததாகப் பட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. தலைவலி விடாமல் இருந்தாலும் கண் மங்கினாலும் முகம் வீங்கினாலும் அப்படித்தான். பிரஷர் ஏறியிருக்கலாம், அது தாய், சேய் இருவருக்குமே ஆபத்து.

பிறந்த பிறகு பிள்ளை படுக்கும் விதம் உனக்கு நேர்மாறு. பகலோ இரவோ, மல்லாக்கத்தான் படுக்க வை. நன்றாக இருந்த குழந்தை காரணமே பிடிபடாமல் தூக்கத்தில் இறந்துபோவதைத் தொட்டில் மரணம் என்பார்கள். இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள்தான் இது அதிகம். குப்புறத் தூங்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. பிரிட்டனில் ஆன் டயமண்ட் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் 1991-ல் தன் மகனை இப்படிப் பறிகொடுத்தார். அவர் விடாமல் குரல் கொடுக்க, அந்த வருஷமே அரசு மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியது. சில வருஷங்களிலேயே சாவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

“கக்கின பால் புரையேறிடும்டி” என்று அத்தை பதறுவார். சண்டை போடாமல் விளக்கிச் சொல். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் கீழே இருக்கும் குழலுக்குத்தான் திரும்பும். தலை தட்டையாகிவிடும் என்பார்களா? முழித்திருக்கும் நேரத்தில், நீ பக்கத்திலேயே இருந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போடு. கழுத்தும் பலப்படும்.

பரிசாக வரும் பேபி பெட்டில் இருக்கும் குட்டித் தலையணை, பக்கத்து உருளைகள், பொம்மை எல்லாவற்றையும் பரணில் போடு. பாயின்மேல் சுருக்கமில்லாமல் விரித்த பருத்தித் துணி போதும். பிறந்த முதல் நாட்களில் குல்லா வேண்டும்; எடை குறைந்த பிள்ளைக்கு டாக்டர் சொல்லும்வரை வேண்டும். மற்றபடி நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டரும் போர்வையுமாகச் சுற்றிவைத்தால் உடம்பு சூடேறும். அதுவும் தொட்டில் மரண ஆபத்தைக் கூட்டும்.

தூளியைப் பற்றிச் சொன்னால் என் மேல் கோபம் வரும். தூளியில் பிள்ளை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். அழுகையை அடக்க ஆட்டிக்கொள், தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் கிடத்து. ராத்திரி முழுக்கத் தூளியில் விடாதே.

ஒரே பாயில் படுப்பது நம் வீடுகளில் தவிர்க்க முடியாதது. பக்கத்திலேயே தனி விரிப்பு போட்டால் நல்லது. முடியாவிட்டால் பிள்ளை உன் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வேண்டாம். குடித்தவர், புகைப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் அந்தப் பாயில் படுக்கவே கூடாது. சோபாவில் பிள்ளையோடு கண்ணயர்வது எல்லாவற்றையும்விட மோசம்.

பச்சிளம் குழந்தைகள் இறப்பதற்குப் பெரும்பாலும் குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித்தொற்று இந்த மூன்றும்தான் காரணம். எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். எடை குறைந்து பிறந்தால் கங்காரு பராமரிப்பு கேள். பிள்ளையை உன் வெறும் மார்பில் நேராக அணைத்துக் கட்டிக்கொள்வது அது. கொலம்பியாவின் பொகோடா நகரத்தில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் 1970-களின் கடைசியில் தொடங்கி இன்று உலகமே பின்பற்றுகிறது. அப்பாவும் செய்யலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடு. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வாயில் படக்கூடாது. தொப்புளில் சாம்பல், மஞ்சள் வைக்கவிடாதே. குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவார். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். வேறெதில் விட்டுக்கொடுத்தாலும் இவற்றில் விட்டுக்கொடுக்காதே.

பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால் அல்லது கொதித்தால், நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், உள்ளங்கால்வரை மஞ்சள் ஏறினால் 108-ஐக் கூப்பிடு. மந்திரிப்பதெல்லாம் பிறகு.

இத்தனை கவனித்தும் சில பிள்ளைகள் போய்விடுகின்றன. அப்படி இழந்த ஒருத்தி உன் தெருவில் இருந்தால், “இன்னொண்ணு பெத்துக்கலாம்” என்று தேற்றாதே. என்ன சாப்பிட்டாய், எப்படிப் படுத்தாய் என்று துருவாதே. அவளுக்குச் சோறு கொண்டுபோ. பிள்ளை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் அவளுக்குப் பால் கட்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். குளிர்ந்த துணி ஒற்றச் சொல். வலி தாங்காவிட்டால் மட்டும் கொஞ்சம் பீய்ச்சலாம், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மத்திய அரசு வேலையில் இருப்பவள் என்றால், பிள்ளை இறந்தே பிறந்தாலும் பிறந்தவுடன் இறந்தாலும் 60 நாள் சிறப்பு விடுப்பு 2022 முதல் உண்டு. விண்ணப்பத்தை நீயே எழுதிக் கொடு.