மோனிட் எப்போது கண்விழிக்க வேண்டும்?

லினக்ஸ் சர்வரில் ஒரு சேவை நின்றுபோனால், அதைத் தானே மறுபடி கிளப்பிவிடும் காவல் நிரல் மோனிட். அமைப்புக் கோப்பில் ‘செட் டீமன் 60’ என்றால், ஒரு சுற்று முடிந்து 60 நொடி உறங்கிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கும். சர்வர் மெதுவாக எழும் என்றால் ‘ஸ்டார்ட் டிலே 240’ சேர்க்கலாம். டேட்டாபேஸ் தயாராகும் முன்பே எச்சரிக்கை மெயில் பறக்காது.

எல்லாவற்றையும் ஒவ்வொரு சுற்றிலும் சோதிக்கத் தேவையில்லை. ஹார்டு டிஸ்க் இடத்துக்கு ‘எவரி 10 சைக்கிள்ஸ்’ பெரும்பாலும் போதும். சிபியு பளு சட்டென ஏறி இறங்கும். ‘ஃபார் 5 சைக்கிள்ஸ்’ போட்டால், தொடர்ந்து ஐந்து சுற்று உயர்ந்திருந்தால் மட்டுமே அலர்ட் வரும். நள்ளிரவில் வீணாக எழுப்பப்படும் நிர்வாகிக்கு இந்த ஒரு வரி பெரிய நிம்மதி.

கிரான் பாணியில் நேரம் குறிப்பவர்கள் கவனிக்க: நிமிட இடத்தில் 0 என்று ஒற்றை எண் வேண்டவே வேண்டாம். அந்த நிமிடத்தில் மோனிட் உறங்கிக்கொண்டிருந்தால் சோதனை நடக்காமலே போய்விடும். நட்சத்திரக் குறியோ 0-15 போன்ற வீச்சோ கொடுப்பதே பாதுகாப்பு.

பேக்கப் ஓடும் நேரத்தில் சோதனையைத் தவிர்க்க ‘நாட் எவரி’ உண்டு.

மாற்றம் செய்தபின் ‘மோனிட் -t’ கொடுத்து தொடரியல் பிழை பார்த்துவிட்டு, ‘மோனிட் ரீலோட்’.